ஊரில் கேள்விப்படாத புரோஸ்டேட் புற்றுநோய், இங்கே எட்டில் ஒருவருக்கா?

கேள்வி இது: "திருச்சியிலிருந்து அபர்டீனுக்கு வேலைக்கு வந்து சில மாதம் ஆகிறது. வயது 52. கூட வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. இந்த நாட்டில் எட்டு ஆண்களில் ஒருவருக்கு வருமாம். ஊரில் சர்க்கரை, ஹார்ட், கிட்னிக் கல் என்று எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதே இல்லை. இங்கத்திய குளிரும் சாப்பாடும் காரணமா? ஜிபி (இங்குள்ள குடும்ப டாக்டர்) அலுவலகத்தில் விசாரித்தால் ஸ்கிரீனிங் (தொந்தரவு இல்லாதவர்களையும் அழைத்துச் சோதிப்பது) கிடையாது என்கிறார்கள். டிசம்பரில் ஊருக்குப் போகும்போது மாஸ்டர் செக்கப்பில் பார்த்துக்கொண்டால் போதுமா?"

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி. முதலில் அந்த எட்டில் ஒன்று. அது வாழ்நாளில் நோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, சாகும் வாய்ப்பு இல்லை. 2008 முதல் 2010 வரையிலான இங்கிலாந்துப் பதிவேடுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. வெள்ளையர்களில் 8 பேரில் ஒருவருக்கு நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, 24 பேரில் ஒருவர் அதனால் சாகிறார். கறுப்பினத்தவரில் 4 பேரில் ஒருவருக்கு நோய், 12-ல் ஒருவர் சாவு. நம்மைப் போன்ற ஆசியர்களில் 13-ல் ஒருவருக்கு நோய், 44-ல் ஒருவர் சாவு. ஆக, உங்கள் சகஊழியரைவிட உங்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால் வகுத்துப் பாருங்கள்: மூன்று கூட்டத்திலும், நோய் என்று தெரிந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதனாலேயே சாகிறார். நோய் வந்துவிட்டால் நம் தோலின் நிறம் நமக்கு எந்தச் சலுகையும் தரவில்லை.

இனி ஊரில் ஏன் கேள்விப்படவில்லை என்பதற்கு வருவோம். 2020-க்கான உலகக் கணக்கில், வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு, வட ஐரோப்பாவில் ஒரு லட்சம் ஆண்களில் ஆண்டுக்கு 83 பேருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியா அடங்கிய தென்-மத்திய ஆசியாவில் 6 பேருக்கு. கண்டுபிடிப்பில் 13 மடங்கு இடைவெளி. சாவு விகிதமோ அங்கே சுமார் 13, நம் பக்கம் சுமார் 3. இடைவெளி நான்கு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. உலகிலேயே அதிகச் சாவு விகிதம் வட ஐரோப்பாவில் இல்லை, கரீபியன் தீவுகளில்: ஒரு லட்சத்துக்கு 28-ஐ ஒட்டி. அடுத்து ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியும் தென்பகுதியும். நோய் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எத்தனை பேருக்கு ரத்தம் சோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாவு, எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள் என்பதையும் பரம்பரையையும் பொறுத்தது. இரண்டையும் ஒரே வரைபடமாக நினைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள்.

அதே 2020 மதிப்பீட்டில் இந்தியாவில் சுமார் 34,500 புதிய நோயாளிகள், சுமார் 16,800 சாவுகள். இரண்டுக்கு ஒன்று. பிரிட்டனில் ஆண்டுக்கு 50,000-க்கு மேல் புதிய நோயாளிகள், சுமார் 12,000 சாவுகள். ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. ஊரில் நோய் இல்லாமல் இல்லை. முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. இன்னொன்று, 2020-ல் இந்தியாவில் பதிவான சாவுகளில் டாக்டர் சான்றளித்த காரணத்தோடு இருந்தவை 22.5 சதவீதம்தான். முதுகுவலியோடு படுத்து, ஒடுங்கிப் போய்ச் செத்த தாத்தாவுக்கு என்ன நோய் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இதனால் "எங்கள் குடும்பத்தில் இந்த நோய் கிடையாது" என்று டாக்டரிடம் அடித்துச் சொல்லாதீர்கள். அப்பா, அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா யாருக்காவது கடைசிக் காலத்தில் சிறுநீர் அடைப்பு, எலும்பு வலி, விரை அகற்றும் அறுவை நடந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். விரை அகற்றுவது பரவிய நோய்க்கு ஊரில் இன்றும் செய்யும் மலிவான ஹார்மோன் சிகிச்சை. "ஏதோ சின்ன ஆப்பரேஷன்" என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் உங்கள் ஆபத்து இரண்டரை மடங்கு. அம்மா, அக்கா, அத்தை பக்கம் மார்பகப் புற்றோ கருப்பையின் பக்கத்தில் இருக்கும் சூலகப் புற்றோ இருந்தாலும் சொல்லுங்கள். பிஆர்சிஏ என்ற மரபணுவில் உள்ள கோளாறு அந்தப் புற்றுகளையும் புரோஸ்டேட் புற்றையும் தொடும்.

குளிர், சாப்பாடு பற்றி: ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களை 1960-களிலேயே ஆராய்ந்து, குடியேறிய நாட்டின் பக்கம் இந்த நோய் விகிதம் நகர்வதைக் கண்டிருக்கிறார்கள். அந்த நகர்வில் எவ்வளவு உணவு, எவ்வளவு கூடுதல் பரிசோதனை என்று பிரிப்பது கடினம். உடல் பருமன் முற்றிய நோயோடு சேர்ந்து வருகிறது என்பதற்குச் சான்று ஓரளவு வலுவானது. சில மாதக் குளிரில் ஒன்றும் ஆகிவிடாது. தக்காளி, மாதுளை, கிரீன் டீ விளம்பரங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் இருக்கும் இடம். பிரிட்டனில் இந்த நோயின் சாவு விகிதம் 1990-களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு அதன் பிறகு இறங்கியிருக்கிறது. கிழவர்கள் பெருகியதால் சாவுகளின் எண்ணிக்கை மட்டும் இறங்கவில்லை. செய்தித்தாள் எண்ணிக்கையைப் போடும், நீங்கள் விகிதத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 1993-ல் உச்சம், பின் ஏறக்குறைய பாதியாகச் சரிவு. அங்கே 2012-ல் பிஎஸ்ஏ பரிசோதனையே (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளப்பது) வேண்டாம் என்று அரசுக் குழு சொன்னது. அதற்குப் பின் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவோர் கூடினர், சாவு விகிதத்தின் சரிவும் மெதுவானது. 2018-ல் 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

பிரிட்டனுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம்தான் உங்களுக்கு முக்கியம். 2022-ல் வெளியான கணக்கின்படி, குணப்படுத்த முடியாத அளவு பரவிய பிறகு நோய் தெரிந்தவர்கள் லண்டனில் 12.5 சதவீதம், ஸ்காட்லாந்தில் 35 சதவீதம். மூன்றில் ஒருவர்! உங்கள் சகஊழியர் விதிவிலக்கு இல்லை. என் கணிப்பில் இதன் பெரும்பகுதி யார் போய்க் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அபர்டீனில் உங்களுக்குக் குடல் புற்றுக்கான மலப் பரிசோதனைக் கிட் 50 வயதிலிருந்து இரண்டாண்டுக்கு ஒரு முறை தபாலில் தானாக வரும், 65 வயதில் வயிற்றுப் பெருந்தமனி ஸ்கேனுக்கு அழைப்பு வரும். புரோஸ்டேட்டுக்கு எந்தக் கடிதமும் வராது. வசதியும் படிப்பும் உள்ளவன் தானே போய்க் கேட்டு வாங்குகிறான், மற்றவன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான்.

ஜிபி அலுவலகத்தில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. ஸ்கிரீனிங் திட்டம் கிடையாது. ஆனால் 50 வயது முடிந்த ஆண், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், நன்மை தீமைகளைப் பேசிய பிறகு பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையை இலவசமாகக் கேட்கலாம். வரவேற்பில் "ஸ்கிரீனிங்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். "எனக்கு 52, பிஎஸ்ஏ பற்றிப் பேச டாக்டரிடம் நேரம் வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். விரல் விட்டுப் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுபவர்கள் நம்மில் நிறைய. அது இல்லாமல் ரத்தம் மட்டும் கொடுக்கலாம்.

ரத்தம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை உண்டு. 48 மணி நேரம் உடலுறவோ விந்து வெளியேற்றமோ வேண்டாம். அதே 48 மணி நேரம் சைக்கிள், கடும் உடற்பயிற்சி வேண்டாம். வேலைக்குச் சைக்கிளில் போகிறவராக இருந்தால் திங்கட்கிழமை காலை நேரம் வாங்கிக்கொண்டு, சனி ஞாயிறு சைக்கிளைத் தொடாமல் இருங்கள். சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால் ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள். இவற்றை விட்டால் எண் பொய்யாக ஏறி, தேவையில்லாத எம்ஆர்ஐ வரை இழுத்துவிடும்.

இதற்கு நேர்எதிரான தப்பு இன்னும் மோசம். ஊரில் சிறுநீர் மெதுவாகப் போகிறது என்றால் யூராலஜிஸ்ட் டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதுவது சகஜம். டூட்டாஸ்டெரைடும் ஃபினாஸ்டெரைடும் ஆறு மாதத்தில் பிஎஸ்ஏவைப் பாதியாக்கிவிடும். முடி உதிராமலிருக்கப் போடும் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடுக்கும் இது பொருந்தும். அப்படி மாத்திரை போடுபவருக்கு 2.5 என்று வந்தால் அதை 5 என்றே படிக்க வேண்டும். சூட்கேஸில் கொண்டுவந்த மாத்திரைகள் இங்குள்ள டாக்டரின் கணினியில் இருக்காது. அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள்.

முடிவு வந்ததும் "நார்மல்" என்ற பதிலோடு போனை வைக்காதீர்கள், எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு சொல்வதில், தொந்தரவு உள்ளவர்களை மேல் பரிசோதனைக்கு அனுப்பும் வரம்பு 40 முதல் 49 வயதுக்கு 2.5-க்கு மேல், 50 முதல் 59-க்கு 3.5-க்கு மேல், 60 முதல் 69-க்கு 4.5-க்கு மேல், 70 முதல் 79-க்கு 6.5-க்கு மேல். ஸ்காட்லாந்துக்குத் தனி வழிகாட்டுதல், எண்கள் கொஞ்சம் மாறும். உங்கள் வயதுக்கு எது என்று ஜிபியிடமே கேளுங்கள். மாஸ்டர் செக்கப்பில் சிக்கல் இங்கேதான். ஊர் லேப் ரிப்போர்ட்டில் பக்கத்துக் கட்டத்தில் எல்லா வயதுக்கும் பொதுவாக "0 - 4" என்று அச்சடித்திருப்பார்கள். 52 வயதில் 3.8 வந்தால் அது அந்தக் கட்டத்துக்குள் அடங்கி, தடித்த எழுத்தில்கூட வராது. நைஸ் வரம்பில் அதே 3.8 மேல் பரிசோதனைக்குரியது. ஊரில் எடுக்கத் தடையில்லை. எடுத்தால் ரிப்போர்ட்டை இங்கே கொண்டுவந்து பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். அலகு நானோகிராம்/மில்லியோ மைக்ரோகிராம்/லிட்டரோ, எண் ஒன்றுதான். அடுத்தடுத்த முறை ஒரே லேபில் எடுப்பது நல்லது, கருவிக்குக் கருவி கணக்கு சற்று மாறும்.

பிஎஸ்ஏ ஒன்றும் தெளிவான சாட்சி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எண் ஏறியவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது. எண் சரியாக இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு இருக்கலாம். அரசு எல்லோரையும் அழைக்காததற்கும் இதுவே காரணம். ஐரோப்பியப் பெரும் ஆய்வின் 23 ஆண்டு முடிவு 2025-ல் வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் சாவு 13 சதவீதம் குறைவு, 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தவிர்ந்தது. பிரிட்டனில் ஒரே ஒரு முறை பிஎஸ்ஏவுக்கு அழைத்துப் பார்த்த ஆய்வில் 15 ஆண்டில் சாவு 0.78 சதவீதத்திலிருந்து 0.69 ஆனது. நன்மை உண்டு, சின்னது. 2025 நவம்பரில் பிரிட்டனின் ஸ்கிரீனிங் குழு வெளியிட்ட வரைவும் பிஆர்சிஏ கோளாறு உள்ள 45 முதல் 61 வயதுக்காரர்களுக்கு மட்டுமே அழைப்பைப் பரிந்துரைத்தது.

எண் ஏறியிருந்தால் அடுத்தது எம்ஆர்ஐ. 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பயாப்சி (சுரப்பியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது) பேச்சு வரும். 1, 2 என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. சுரப்பியின் கொள்ளளவையும் கேளுங்கள். பிஎஸ்ஏ 6, சுரப்பி 60 மில்லி என்றால் வகுத்தால் 0.10; பெரிய சுரப்பிக்கு அந்த எண் இயல்பு. அதே 6, சுரப்பி 30 மில்லி என்றால் 0.20, 0.15-ஐத் தாண்டினால் டாக்டர்கள் உஷாராவார்கள். பயாப்சி இப்போது பெரும்பாலும் ஆசனவாய்க்கும் விரைப்பைக்கும் நடுவிலுள்ள தோல் வழியாக, மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கிறார்கள். மலக்குடல் வழியாக எடுத்தால் கிருமி ரத்தத்தில் ஏறும் ஆபத்து கூடுதல். நம் ஊருக்குப் போய் வந்தவர்கள் குடலில் சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி தங்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அண்மையில் பயணம் செய்திருந்தால் நர்ஸ் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பயாப்சிக்குப் பின் குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே 111-ஐ (அரசு மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்) அழையுங்கள்.

அவசரப் பரிந்துரையிலிருந்து முதல் சிகிச்சைவரை ஸ்காட்லாந்தில் 62 நாள் இலக்கு. புரோஸ்டேட்டில் அது அடிக்கடி தவறுகிறது. இரண்டு வாரம் கடிதம் வராவிட்டால் ஜிபியிடம் கேட்டு, பரிந்துரை போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யுங்கள். முகவரி மாறியிருந்தால் ஆஸ்பத்திரியிடம் தனியாகச் சொல்லுங்கள். வாடகை வீடு மாறும் புதியவர்களுக்குக் கடிதம் பழைய வீட்டுக்குப் போவதுதான் இங்கே வழக்கமான விபத்து.

பயாப்சியில் கிளீசன் (புற்றின் வீரியத்துக்கான மதிப்பெண்) 3+3, அதாவது மெதுவான வகை, என்று வந்தால் உடனே ஊருக்கு டிக்கெட் போட்டு ரோபோ அறுவைக்கு ஓடாதீர்கள். பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து 15 ஆண்டு பார்த்தார்கள். இந்த நோயால் இறந்தவர்கள் மொத்தம் 2.7 சதவீதம், மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் அறுவைப் பிரிவில்தான் அதிகம். பரவாத, மெதுவான நோய்க்குக் கண்காணிப்பு என்றால் சும்மா விடுவது இல்லை: குறித்த இடைவெளியில் பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மறு பயாப்சி.

தொந்தரவு வரட்டும், பார்க்கலாம் என்பதுதான் ஆளைக் கொல்லும் கணக்கு. இந்தக் கட்டி பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால் ஆரம்பத்தில் சிறுநீர்க் குழாயை நெருக்காது. இரவில் நாலு முறை எழுந்து போவதற்கு வயதில் வரும் சாதாரண வீக்கமே பெரும்பாலும் காரணம். எடின்பரோவில் பிறந்த சைக்கிள் வீரர் கிறிஸ் ஹாய்க்கு 47 வயதில் தோள்வலிக்கு ஸ்கேன் எடுத்தபோதுதான் நோய் பரவியிருப்பது தெரிந்தது. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. விடாத முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ ஜிபி நேரத்துக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம்.

அப்பாவை விசிட்டர் விசாவில் அழைத்துவந்து இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்தால், வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் உங்கள் தலையில் விழும். டிசம்பரில் நீங்கள் திருச்சி போகும்போது அவரை அங்கேயே யூராலஜிஸ்டிடம் கூட்டிப்போங்கள், போகுமுன் அவர் போடும் மாத்திரைகளின் பெயர்களை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.