கேரவனுக்குப் பின்னால் எந்தக் கார்?

கேள்வி: கம்பத்தில் வசிக்கிறோம். நான் ஓய்வு பெற்றவன். டெம்போ டிராவலர் சேஸிஸில் கட்டிய கேரவன் வைத்திருக்கிறோம். குமுளி வழியாகக் கேரளம் போகும்போது கேரவனை நான் ஓட்டுவேன். ஊருக்குள் சுற்றுவதற்காக எங்கள் சிறிய காரைத் தம்பி பின்னாலேயே ஓட்டி வருவார். போன மாதம் வண்டிப்பெரியாறுக்கும் பீர்மேட்டுக்கும் நடுவில் ஒரு லாரி காரின் பின்னால் மோத, கார் கேரவனின் பின்பக்கத்தில் நசுங்கிவிட்டது. தம்பிக்குக் கை முறிவு. கார் முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் எழுதிவிட்டார். தம்பி இனி மலையில் ஓட்டமாட்டேன் என்கிறார். டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் தன் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் காரைக் கட்டியே இழுத்துப் போகிறார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்கிறார். குமுளியில் கேஎல் 37 பதிவுள்ள பழைய ஹோண்டா ஜாஸ் சிவிடி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஒரு வகை) ஒன்று விலைக்கு வருகிறது. மகன் புதிய மஹிந்திரா தார் ஜீப் வாங்கலாம் என்கிறான். கட்டி இழுக்க இரண்டில் எது ஏற்றது? என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியும், மலைப்பாதையில் ஓட்டியதில்லை.

பதில்: ஐயா, கட்டி இழுப்பதற்காக இரண்டில் எதையும் வாங்காதீர்கள். அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிடுங்கள்.

முதல் காரணம் சட்டம். மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017, நம் நாட்டில் எதை எதால் இழுக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. பழுதாகி ஓடாத வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்லலாம். பதிவு செய்த டிரெய்லரை இழுக்கலாம். நல்ல நிலையில் ஓடும் காரை, ஆளில்லாமல், ஊர் சுற்றுவதற்காக நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போக அனுமதி இல்லை. குமுளிச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் உங்களிடம் சொல்ல விடை இருக்காது. அதைவிடக் கவலைக்குரியது, வழியில் யாருக்காவது அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணம் காட்டிக் கைவிரிக்கப் பார்க்கும்.

இரண்டாவது காரணம் நீங்கள் போகும் பாதை. சமவெளியில் நீண்ட நேர்ச்சாலைகளில் செல்லும் டெக்சாஸ்காரரின் அனுபவம் குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும்போது செல்லாது. அந்த இறக்கம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். ஒரு டன் எடையுள்ள கார் 100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் அது முப்பது லிட்டர் கணக்கு. காற்றும் டயரின் உருள்தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் வெப்பமாகக் கேரவனின் பிரேக்கிலும் என்ஜினிலும் வந்து விழும். கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சமையல் சாமான் என்று கேரவன் ஏற்கெனவே தன் முழு எடையில்தான் ஓடுகிறது. அதன் பிரேக், அந்த எடையை நிறுத்துவதற்கென்று செய்யப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கேரவன் திரும்பியிருக்கும் நேரத்தில் பின்னாலிருக்கும் கார் நேராகத் தள்ளும். வால்பக்கம் வெளியே விலகும். எதிரே பஸ் வந்து நீங்கள் பின்வாங்க வேண்டியிருந்தால் அதுவும் முடியாது. இப்படிக் கட்டிய காரோடு ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்பது அமெரிக்காவிலேயே முதல் பாடம்.

உங்கள் மைத்துனர் சொல்வது தவறில்லை. அவருடைய நாட்டில் அது வழக்கம், அதற்கென்று முழு ஏற்பாடும் இருக்கிறது. காரின் முன் சட்டத்தில் தனி இரும்புத் தாங்கி பொருத்துவார்கள். அதிலிருந்து மோட்டார் ஹோமுக்கு மடக்கு இழுவைக் கம்பி போகும்; அது அறுந்தால் பிடித்துக்கொள்ளச் சங்கிலிகள் இருக்கும். மோட்டார் ஹோமின் பிரேக் விளக்கும் திருப்பு விளக்கும் காரிலும் எரியும்படி மின்இணைப்பு தருவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, முன்னால் பிரேக் அழுத்தியதும் பின்னாலுள்ள காரின் பிரேக்கையும் அழுத்தும் கருவி. கார் கழன்று ஓடினால் தானாகவே பிரேக் போடும் விசையும் அதோடு சேர்ந்தது.

அங்கே இழுப்பதற்குக் கார் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது கியர்பாக்ஸ். சாதாரண ஆட்டோமேட்டிக்கிலும் சிவிடியிலும் உள்ளே எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பை என்ஜின்தான் ஓட்டுகிறது. என்ஜின் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் சுழன்றால் உள்பாகங்கள் எண்ணெய் இல்லாமல் உராயும். சில பத்துக் கிலோமீட்டர்களிலேயே கியர்பாக்ஸ் போய்விடலாம். ஜீப் ராங்லரை அங்கே பலர் விரும்புவதற்குக் காரணம், அதன் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் வைத்தால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. ஹோண்டா சிஆர்வி காரை 2014 மாடல் வரை உரிய முறைப்படி கட்டி இழுக்கலாம் என்று அதன் கையேடே சொன்னது. 2015இல் சிவிடி வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. ஒரே பெயர், ஒரே நிறுவனம், ஓராண்டு வித்தியாசம். ஆகவே மைத்துனர் அடுத்த கார் வாங்கும்போது அந்த ஆண்டின் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தைப் படித்த பிறகே முன்பணம் கொடுக்கட்டும். விற்பவர் சொல்லை நம்ப வேண்டாம்.

இதை உங்கள் இரண்டு கார்களுக்கும் பொருத்திப் பாருங்கள். ஜாஸ் சிவிடியை நான்கு சக்கரமும் உருள இழுப்பது அதைக் கொல்வதற்குச் சமம். வழியில் பழுதானாலும்கூட முன்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் மேடை லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். ஏலத்தோட்டத்து ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துத் தர யாராவது முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். தாரின் டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் நிலை இருக்கிறது என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். ஒரு நெம்புகோலில் அந்த எழுத்து இருப்பது நெடுந்தூரம் இழுக்கலாம் என்ற உரிமம் ஆகாது. சட்டத் தடையும் அப்படியேதான் நிற்கிறது.

பதிவு செய்த டிரெய்லரில் காரை ஏற்றி இழுப்பது சட்டப்படி முடியும். ஆனால் டிரெய்லரின் எடையும் காரின் எடையும் சேர்ந்துகொள்ளும். உங்கள் கேரவன் அளவுக்கு, இந்த மலைக்கு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் என்ன வாங்குவது? இழுக்கப் போவதில்லை என்று முடிவானதும் கேள்வியே எளிதாகிவிடுகிறது. மலையில் தானாக ஓடி வரும் ஒரு சிறிய கார் வேண்டும். அதை ஓட்டப்போவது உங்கள் மனைவி. ஆகவே அவர் உட்கார்ந்து பார்த்து, கிளட்சும் இருக்கையும் அவருக்குச் சரியாக இருக்கிறதா என்று சொன்ன பிறகே முடிவு செய்யுங்கள். என் தேர்வு, ஐந்து கியர் கொண்ட மேனுவல் பெட்ரோல் ஹேட்ச்பேக். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால் என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும், பிரேக் சூடாகாது. ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்று நம் ஓட்டுநர்கள் சொல்வது இன்றைக்கும் சரியான பாடம். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு வசதி இருந்தால் புதிதாக மலை ஏறுபவருக்குப் பெரிய துணை. பழைய கார் என்றால் 2022க்குப் பிறகு தயாரானதைத் தேடுங்கள். ஏபிஎஸ் பிரேக்கும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக்கும் கட்டாயமாக இருக்கும். தார் நல்ல வண்டிதான். ஆனால் தேக்கடி கடைவீதியில் காய்கறி வாங்கப் போவதற்கு அவ்வளவு பெரிய வண்டி எதற்கு?

மனைவி தயாராகும் வரை காரே இல்லாமலும் போகலாம். கேரவனைக் குமுளியில் நிறுத்திவிட்டு ஆட்டோவோ ஜீப்போ வாடகைக்கு எடுத்தால் ஆண்டுக்குச் சில பயணங்களுக்கு அதுவே மலிவு.

காரின் பெயரைவிட நான் அதிகம் வலியுறுத்துவது, இரண்டு வண்டிகளும் போகும் வரிசை. உங்கள் தம்பி கேரவனை ஒட்டியே வந்திருக்கிறார். உயரமான வண்டியின் முதுகைத் தவிர அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. மோதல் வந்தபோது முன்னால் விலக இடமும் இல்லை. இனிமேல் சிறிய கார் முன்னே போகட்டும். கேரவன் பார்வைக்கு எட்டாத தூரத்தில் வந்தாலும் பரவாயில்லை. வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம் என்று சந்திக்கும் இடங்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகும் கேரவன் பின்னால் வண்டிகள் சேரும்போது அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். பொறுமையிழந்த லாரி பின்னால் இருப்பதைவிட முன்னால் போய்விடுவதே உங்களுக்கு நல்லது. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். மனைவிக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை, போக்குவரத்து குறைந்த காலை வேளைகளில், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சில முறை ஏறி இறங்கிப் பழகட்டும்.

கேஎல் பதிவுள்ள எந்தக் காரை வாங்கினாலும், கேரளத்தில் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28 பெற்று, படிவம் 29, 30 கையெழுத்தாகி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து சாலை வரியும் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அந்தப் பதிவிலேயே இங்கே வைத்திருக்க முடியாது. வரியை விலையோடு கூட்டிப் பார்த்தால் எல்லைக்கு அப்பால் கிடைக்கும் மலிவு பல நேரம் கரைந்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முந்தைய கார் என்றால், சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி இருக்கை போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் ஸ்டெப்னி குழியையும் பாருங்கள்.

கேரவனை அடுத்த பயணத்துக்கு எடுக்கும் முன் பட்டறையில் மேடையில் ஏற்றிச் சேஸிஸ் சட்டங்களின் பின்முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்கதவு சரியாக மூடுகிறது என்பதை வைத்துச் சட்டம் நேராக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. எரிவாயு உருளை பின்பக்கம் இருந்தால் அதன் குழாயையும் இணைப்பையும் மாற்றிவிடுங்கள்.

நசுங்கிய காரின் கணக்குக்கு வருவோம். பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டும்போது முழு இழப்பாகக் கொள்கிறார்கள். அந்த மதிப்பு, பாலிசி தொடங்கிய நாளில் வண்டியின் வயதைப் பொறுத்தது: மூன்றிலிருந்து நான்கு ஆண்டுக்குள் என்றால் 40 சதவீதத் தேய்மானம், நான்கிலிருந்து ஐந்துக்குள் என்றால் 50. ஒரு நாள் வித்தியாசத்தில் பத்து சதவீதம் மாறும்; ஆர்.சி.யில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடைந்த வண்டியை யார் எடுத்துச் சென்றாலும் பதிவு உங்கள் பெயரில் இருக்கும் வரை பொறுப்பும் உங்களுடையதே. ஓட்டத் தகுதியற்றதாகிவிட்ட வண்டி பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு உங்களுக்குக் கடந்திருக்கும், இந்த வாரமே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

தம்பியின் காயத்துக்கான இழப்பீடு உங்கள் காரின் கணக்கில் சேராது. அது லாரியின் காப்பீட்டிலிருந்து வர வேண்டியது. விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும் அவர் வசிக்கும் பகுதிக்கு உட்பட்ட மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். பீர்மேட்டுக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முதல் தகவல் அறிக்கையின் நகல், லாரியின் பதிவு எண், காப்பீட்டு விவரம், மருத்துவமனை ரசீதுகள் எல்லாம் தேவை. அறிக்கை மலையாளத்தில் இருக்கும் என்பதால் மொழிபெயர்ப்புக்கும் சில நாட்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.