கோனுக்கு கோந்து பூசலாமா?

கேள்வி: சார், என்கிட்ட எட்டு இன்ச் பேப்பர் கோன் (கூம்பு) ஃபுல்-ரேஞ்ச் ஸ்பீக்கர், அதாவது பேஸ்ல இருந்து உச்சம் வரைக்கும் ஒரே கோன் பாடறது, ஒரு ஜோடி இருக்கு. சத்தம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பாடகிங்க குரல் உச்சத்துக்குப் போறப்பவும் வயலின் மேல ஏறுறப்பவும் காதுல குத்துது. கோன்ல பசை இல்லன்னா வார்னிஷ் பூசினா அடங்கிடும்னு சொல்றாங்க. பூசலாமா? எதைப் பூசறது?

பதில்: பூசலாம், ஆனா நாளைக்கே பிரஷ்ஷைத் தூக்காதீங்க. முதல்ல அந்தக் குத்தல் எங்க இருந்து வருதுன்னு பாத்துடுவோம். கோன் ஒரே துண்டா முன்னாடி பின்னாடி போய்ட்டு வருதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், பேஸ்ல அப்படித்தான் போகும், ஆனா ஃப்ரீக்வென்சி ஏற ஏற என்ன ஆகுதுன்னா கோனை ஆட்டுற கம்பிச்சுருள், வாய்ஸ் காயில், நடுவுல குடுத்த தள்ளு விளிம்புக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள காயில் திசை மாறிடுது, அந்த அலை ஓரம் வரைக்கும் ஓடி, கோனைச் சட்டத்தோட சேர்த்துப் பிடிக்கற வளையம் இருக்கே, சரவுண்ட், அதுல முட்டித் திரும்பி வருது, போற அலையும் வர்ற அலையும் சேர்ந்து கோன்ல ஒரு இடம் துள்ளும் பக்கத்து இடம் சும்மா நிக்கும். இதைத்தான் பிரேக்கப்னு சொல்றது. எட்டு இன்ச் கோன்ல இது சில ஆயிரம் ஹெர்ட்ஸ்லயே நல்லா தெரியும், நம்ம காது ரொம்ப கூர்மையா இருக்கறதும் 2,000ல இருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ரெண்டும் ஒரே இடத்துல வந்து உக்காந்தா குத்தத்தான் செய்யும்.

இப்ப பூச்சுக்கு வருவோம். பூசறதுல ரெண்டு வேலை இருக்கு, நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுதான் கெடுத்துக்கறாங்க. ஷெல்லாக், லேக்கர் மாதிரி வார்னிஷ் வகை, காஞ்சா கண்ணாடியா இறுகுறது கோனை விறைப்பாக்கும். காஞ்ச பிறகும் ரப்பர் மாதிரி வளையறது, மரத்துக்கு ஒட்டுற வெள்ளைப் பசை இருக்குல்ல, பி.வி.ஏ., அது அதிர்வைக் குடிக்கும். வெங்கல மணியைத் தட்டிட்டு உடனே விரலை வெச்சா கப்புனு அடங்குதே, அந்த விரல் வேலைதான் பி.வி.ஏ. செய்யறது. உங்களுக்கு வேணுங்கறது அந்த விரல்தான். விறைப்பாக்கினா குத்தல் கொஞ்சம் மேல நகரும், ஆனா முன்னைவிட கூரா நகரும்.

எடை கணக்கு ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. ஆடுற பாகம் எல்லாம் சேர்த்து 10 கிராம்னு வெச்சுக்குங்க, அதுல காஞ்ச பசை 2 கிராம் ஏறிச்சுன்னா சத்தம் ஒன்றரை டெசிபல் குறையும், 50 ஹெர்ட்ஸ்ல இருந்த ரெசனன்ஸ், அதாவது கோன் இயல்பா ஆட விரும்புற ஃப்ரீக்வென்சி, 46 பக்கத்துல இறங்கும். நடு ஸ்வரம் இப்படிக் குறைஞ்சதும், அடேங்கப்பா பேஸ் கூடிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. பேஸ் அங்கயேதான் இருக்கு, மத்ததுதான் இறங்கியிருக்கு! பெட்டியோட ட்யூனிங்கும் இனிமே பொருந்தாது, அது தனித் தலைவலி.

அதனால நான் சொல்றது, முதல்ல பிளேயர்லயோ ஆம்ப்லயோ ஈக்வலைசர் இருந்தா 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு மூணு டெசிபல் இறக்கிக் கேளுங்க, கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்தியும் கேளுங்க. குத்தல் போயிடுச்சுன்னா அதோட விட்டுடலாம். ஈக்வலைசர் இல்லாதவங்க காயில், கெபாசிட்டர், ரெசிஸ்டர் மூணையும் பேரலலா கட்டி ஸ்பீக்கர் லைன்ல சீரீஸா போட்டா அதே வேலை நடக்கும். பிடிக்கலன்னா கழட்டிடலாம். பேப்பர்ல ஊறின பசையைக் கழட்ட முடியாதுங்க.

அப்பவும் பூசியே தீருவேன்னா, பசைக்கு சமமா தண்ணி கலந்து, ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பூசுங்க, ஜோடிக்கும் சேர்த்து இல்ல. பசைக் கிண்ணத்தை பிரஷ்ஷோட சேர்த்து சின்ன தராசுல முன்னாடியும் பின்னாடியும் வெச்சுப் பாருங்க, குறைஞ்ச எடைல காஞ்சப்புறம் கால்வாசிதான் கோன்ல தங்கும். ஒரு நாள் முழுசா காய விட்டு, பூசாத ஸ்பீக்கரோட பக்கத்துல வெச்சு அதே பாட்டை மோனோல மாத்தி மாத்திக் கேளுங்க. போதும்னு தோணினா, அதே எடையளவு அடுத்ததுக்கு.

பிரஷ் கிட்டத்தட்ட காஞ்ச மாதிரியே இருக்கணும். நான் முதல் தடவை பண்ணினப்ப தாராளமா பூசிட்டு ஸ்பீக்கரை மல்லாக்க படுக்க வெச்சுட்டு தூங்கப் போயிட்டேன், கோன் சரிவுதானே, ராத்திரி பூரா பசை மெதுவா இறங்கி, நடுவுல இருக்கற மூடி, டஸ்ட் கேப், அதோட ஓரத்துல குளம் கட்டி, அப்படியே கசிஞ்சு உள்ள போயிடுச்சு. காலைல விரலால லேசா அமுக்கிப் பாத்தா கரகரன்னுது. காந்த இடுக்குல காயிலைச் சுத்தி இருக்கற இடைவெளியே மில்லிமீட்டர்ல ஒரு பங்குதான், அங்க பசை போனா கதை முடிஞ்சது. டஸ்ட் கேப்ல இருந்து ஒரு விரல் அகலம் தள்ளியே நிறுத்திக்குங்க.

கேள்வி: வயலினுக்குப் போடற வார்னிஷ்தான் கோனுக்கும் பெஸ்ட், நாதம் கூடும்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

பதில்: வயலின் பலகை பாடணும், அதுக்குன்னு ஒரு குரல் இருக்கணும். ஸ்பீக்கர் கோனுக்கு சொந்தக் குரலே இருக்கக் கூடாது, இருந்தா எல்லாப் பாட்டுலயும் அது வாய் வெக்கும். அதனால அந்த வாதம் எனக்குப் புரியல. மெல்லிசா ஒரு கோட் அடிச்சா ஈரக்காத்தை பேப்பர் உறிஞ்சறது குறையும், அந்த அளவுக்கு உபயோகம்தான்.

பூசறதே வேஸ்ட்டுன்னு நான் சொல்லல. 1970கள்ல வந்த பிபிசியோட எல்எஸ்3/5ஏ மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டில கெஃப் கம்பெனியோட பி110ங்கற ஸ்பீக்கர், பெக்ஸ்ட்ரீன்னு ஒரு பிளாஸ்டிக்ல செஞ்சது, அதுவே அதிர்வைக் குடிக்கற டேம்பிங் பூச்சு பூசித்தான் வந்தது. ஏன்னா பெக்ஸ்ட்ரீன் தானா அடங்காது. பேப்பர்ல இழையோட இழை உரசியே அதிர்வு ஓரளவு செத்துடும். ஜெனரல் எலக்ட்ரிக்ல இருந்த ரைஸும் கெல்லாகும் 1925ல காட்டின ஸ்பீக்கர்லயே பேப்பர் கோன்தான், இன்னமும் பேப்பர் ஓடிட்டுதான் இருக்கு.

கேள்வி: சரவுண்ட்லயும் சேர்த்துப் பூசிடலாமா?

பதில்: வேணாம். துணி சரவுண்ட்ல பிசுபிசுன்னு ஒண்ணு இருக்குமே, அது அழுக்கு இல்ல, கம்பெனிலயே போட்டது, காயக் கூடாதுன்னே போட்டது. துடைக்காதீங்க. ஃபோம் சரவுண்ட் தொட்டா உதிருதுன்னா எந்தப் பூச்சும் காப்பாத்தாது, மாத்தணும்.

கேள்வி: கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கருக்கு?

பதில்: ஐயையோ. அதுல அந்த பிரேக்கப்தான் சவுண்டே.

கேள்வி: ஸ்க்ரூடிரைவர் வழுக்கி கோன்ல ஒரு இன்ச் கிழிஞ்சிடுச்சு. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: பசைக்கு சரியான வேலை இதுதான். டிஷ்யூ பேப்பரை அடுக்கு பிரிச்சு ஒத்தை அடுக்கா எடுத்து, கத்திரிக்கோல் போடாம கையால கிழிங்க, ஓரம் பிசிறா இருந்தாதான் கோனோட நல்லா கலக்கும். கிழிஞ்ச ரெண்டு ஓரத்தையும் பொருத்தி, பின்பக்கம் அதே தண்ணி கலந்த பசையால ஒட்டுங்க, காஞ்சப்புறம் முன்பக்கம் இன்னொண்ணு. ரொம்ப நாள் ஓடும்.