கரையடியில் ஈரம்

கேள்வி: அப்பா காலத்தில் போட்ட எங்கள் மண் அணை பத்தடி உயரம். கரையின் வெளிப்பக்க அடியில் எப்போதும் ஈரம், கோரை வேறு முளைத்துவிட்டது. கரைமேல் இரண்டு பெரிய மரங்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் சரி, வாரம் ஒருமுறை அளவைக் குறித்துக்கொண்டே வாருங்கள், கூடினால் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்று அர்த்தம், அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள். 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் அணையில் காலையில் கலங்கிய ஊற்று தெரிந்தது, நண்பகலுக்குள் அணை உடைந்தே போனது. அதன் உயரம் 90 மீட்டருக்கு மேல்!

நீர்மட்டத்தைக் குறைப்பதென்றால் மெதுவாக, ஏனென்றால் சட்டென்று வடித்தால் ஊறிப்போன உட்பக்கச் சரிவு வழுக்கி இறங்கும். மரங்களை நீங்களாக வெட்டிவிடாதீர்கள், வேர் மக்கினால் அந்த ஓட்டையே தண்ணீருக்குக் குழாய்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: கலிங்கல், அதாவது மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி, இருக்கிறதா? பெருமழையில் தண்ணீர் கரையின் தலைமேல் ஏறி வழிந்தால் மண் கரை நிற்காது. கலிங்கலில் புதரோ வேலியோ அடைத்திருந்தால் முதல் வேலையாக அதை எடுங்கள்.