அப்பாவைக் கொன்ற வில்லன் தேவையா?

கேள்வி: சூப்பர் ஹீரோ கதை ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். வில்லனுக்கும் நாயகனுக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. 'வில்லன்தான் நாயகனின் அப்பாவைக் கொன்றவன் என்று மாற்று, உணர்ச்சி கூடும்' என்கிறார் நண்பர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். அப்பாவைக் கொன்றவன் என்றால் நாயகனுக்கு வேலை சுலபமாகிவிடும். அடிக்கக் காரணம் கிடைத்துவிட்டது, அடிப்பான். உறவு என்று ஒன்றை வைத்தால் அது அவன் கையைக் கட்டிப்போட வேண்டும்.

1989இல் வந்த 'பேட்மேன்' படத்தில் உங்கள் நண்பர் சொன்னதைத்தான் செய்தார்கள். காமிக்ஸில் பேட்மேனான புரூஸ் வெய்னின் பெற்றோரைக் கொன்றவன் ஜோ சில் என்ற சாதாரணத் திருடன். படத்தில் அந்தப் பழியை வில்லன் ஜோக்கர் தலையில் கட்டினார்கள். ஜோக்கராக வந்த ஜாக் நிக்கல்சன் நடிப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் நகரத்தையே காக்கக் கிளம்பியவன் சொந்தக் கணக்கைத் தீர்க்கும் ஆளாகச் சுருங்கிப்போனான். 'ஸ்பைடர்மேன் 3' (2007) இன்னும் மோசம். தான் தப்பவிட்ட திருடன்தான் தன்னை வளர்த்த பென்னைக் கொன்றான் என்ற உறுத்தல்தான் முதல் படத்தில் பீட்டரை ஸ்பைடர்மேன் என்ற நாயகனாக்கியது. மூன்றாம் படத்தில் வந்து, சுட்டவன் அவனல்ல, மணல் மனிதன் என்ற புது வில்லன் என்கிறார்கள். முதல் படத்தின் அஸ்திவாரத்திலேயே கடப்பாரை!

'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' (2017) படத்தைப் பாருங்கள். நடன விழாவுக்குத் தான் விரும்பும் லிஸ்ஸை அழைத்துப்போகப் பீட்டர் அவள் வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறக்கும் அப்பாதான் அவன் தேடிக்கொண்டிருக்கும் வில்லன். இது காமிக்ஸில் இல்லாத உறவு, படத்துக்காகவே உண்டாக்கியது. அவரே காரோட்டுகிறார். மகள் விவரமறியாமல் பேசிக்கொண்டே வர, பின்னிருக்கையில் இருப்பவன் யாரென்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார். சிக்னல் பச்சைக்கு மாறியும் வண்டி நகர்வதில்லை. ஒரு குத்து கிடையாது, ஒரு வெடி கிடையாது. ஆனால் படத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த இடம் அதுதான். அந்த ஆளைப் பிடித்தால் லிஸ்ஸின் வாழ்க்கை என்னவாகும்? பீட்டரின் கை கட்டப்பட்டுவிட்டது.

கேள்வி: அப்படியானால் முன்பின் தெரியாதவனாகவே விட்டுவிடலாமா?

பதில்: விடலாம், எழுதத் தெம்பிருந்தால். 'தி டார்க் நைட்' (2008) ஜோக்கருக்கு முன்கதையே இல்லை. முகத்துத் தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறான். ஆனால் பேட்மேன் நேசிக்கும் ரேச்சலையும் அவன் நம்பியிருக்கும் அரசு வக்கீல் ஹார்வி டென்ட்டையும் வெவ்வேறு இடங்களில் கட்டிவைத்து, யாரைக் காப்பாற்றுவாய் என்று கேட்பவனை அந்நியன் என்று யார் சொல்வார்கள்? உறவு ஃபிளாஷ்பேக்கில் வரவில்லை, நம் கண்ணெதிரே உண்டாகிறது. மலையாள 'மின்னல் முரளி' (2021) இன்னொரு வழி: நாயகன், வில்லன் இருவரையும் தாக்கிச் சக்தி தந்தது ஒரே இரவின் மின்னல். குரு சோமசுந்தரம் நடித்த வில்லன் ஷிபு மீது நமக்குக் கோபம் வர நேரமாகிறது, பரிதாபம் முந்திக்கொள்கிறது.

நண்பர் உறவு வேண்டுமென்றே அடம்பிடித்தால், வில்லனை நாயகனின் அக்கா கணவனாக்குங்கள். அதுவும் நல்ல கணவனாக. அதைக் கடைசிச் சண்டையில் சொல்லாமல் பாதிப் படத்திலேயே போட்டு உடைத்துவிடுங்கள். மீதிப் படம் முழுக்க நாயகன் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.