பில்லியும் பூனைதான்

கேள்வி: குடியாத்தம் பக்கம் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். 26 பிள்ளைகள். படப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பின்னால் இருப்பவர்கள் 'தெரியல மிஸ்' என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. புத்தகமும் கிழிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் எழுந்து வருவது சேட்டை இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. 13 பேரை மட்டும் பாயில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். மற்றவர்களுக்குச் சிலேட்டில் வரைகிற வேலை, மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தை மடியில் வைக்காமல் தோள் பக்கமாக, அடிப்பகுதியின் நடுவில் ஒரு கையால் பிடியுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் புத்தகத்தின் பக்கம் இருட்டடிக்கும். ஜன்னல் பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கட்டும். வழவழப்பான தாள் பளபளத்தால் மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்பக்கம் சாயுங்கள்.

தினம் ஒரு புத்தகம் வேண்டாம். வாரம் முழுக்க ஒன்றே போதும். பக்கத்துக்கு ஓரிரு வரி உள்ளதாக எடுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்டவற்றில் மிக எளிதான 'நுழை' வரிசைப் புத்தகங்கள் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். திங்களன்று படம் மட்டும், எழுத்தைத் தொடவே வேண்டாம். செவ்வாயன்று நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசியுங்கள். புதன்கிழமை வரிக்கு அடியில் விரலை ஓட்டியபடி. வியாழன் நடிப்பு. வெள்ளியன்று அவர்கள் வரையட்டும். சொல்வதை நீங்கள் படத்துக்குக் கீழே எழுதுங்கள். 'பூன ஓடிப்போச்சு' என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். 'பூனை ஓடியது' என்று திருத்திவிட்டால், பிள்ளை திரும்பப் படிக்கும்போது வாயில் வருவது ஒன்றும் தாளில் இருப்பது வேறொன்றுமாகிவிடும்.

திங்கட்கிழமைதான் பெரும்பாலும் சொதப்பும். 'இது என்ன?' என்று கேட்டால் 'பூனை!' என்று கோரஸ் வரும், அதோடு பேச்சு முடிந்தது. 'பூனை ஏன் கூரை மேல ஏறியிருக்கு?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த மௌனம் ஆசிரியர்களுக்குத்தான் தாங்காது. மூன்றாவது எண்ணிலேயே தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். நல்ல படப் புத்தகத்தில் எழுத்து சொல்லாததைப் படம் சொல்லும். 'பூனையைக் காணோம்' என்று வரி இருக்கும், படத்தில் குடத்துக்குப் பின்னால் வால் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அதை நீங்கள் காட்டிவிடாதீர்கள். யாராவது ஒரு வாண்டு கண்டுபிடித்துக் கத்தும்வரை பக்கத்தைத் திருப்பவும் வேண்டாம். கடைசியில் 'இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?' என்று நீதி கேட்பதையும் விட்டுவிடலாம்.

வாய் திறக்காத பிள்ளைகளும் இந்தத் திங்கட்கிழமையில்தான் பேசத் தொடங்குவார்கள், வீட்டு மொழியை நீங்கள் மறிக்காமல் இருந்தால். தெலுங்குப் பிள்ளை பூனையைப் 'பில்லி' என்னும். உருதுப் பிள்ளையும் கிட்டத்தட்ட அதையேதான், முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லும். (வகுப்பில் யாராவது 'பில்லி சூனியம்' என்று சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு மேலே போங்கள்.) 'ஆமா, பில்லி. பூனை கூரை மேல ஏறிடுச்சு' என்று அதன் சொல்லையும் தமிழையும் சேர்த்துச் சொன்னால் போதும். நீங்கள் தெலுங்கோ உருதோ படிக்கத் தேவையில்லை.

கிழிகிறதே என்று பீரோவில் பூட்டாதீர்கள். பிள்ளைகளின் நெஞ்சுயரத்தில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் அட்டை வெளியே தெரியும்படி மாட்டுங்கள். பக்கத்தைக் கீழ் மூலையில் பிடித்து இழுப்பதால்தான் பெரும்பாலும் கிழிகிறது. மேல் மூலையில் விரல் வைத்துத் திருப்ப முதல் வாரமே பழக்குங்கள். செல்லோடேப் நாளடைவில் மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத் தாளும் கோந்தும் மேல். ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்தில் முதலில் கழல்வது நடுத்தாள். அது கழலும் முன்பே மடிப்பில் மூன்று துளை போட்டுத் தைத்துவிடுங்கள்: நடுத்துளையில் தொடங்கி, மேலும் கீழும் போய்விட்டு, நடுவிலேயே முடிச்சு. லுங்கி நெய்கிற ஊரில் நூலுக்கா பஞ்சம்?