வத்து நேரத்தில் கல்லுக்குழி பார்க்க வருகிறீர்களா? – கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் கீரிமலைக்கும் மாதகலுக்கும் இடைப்பட்ட சுண்ணக்கல் கரையில் குப்பை பொறுக்கவும், வத்தில், அதாவது கடல் வற்றும் நேரத்தில், வெளிப்படும் கல்லுக்குழிகளின் உயிர்களைக் குறித்து வைக்கவும் தொண்டர்களாக வர விரும்புகிறவர்கள் கேட்டவை இவை.

ரீச்சர், எந்த நாளில் வந்தால் நிறையப் பார்க்கலாம்?

அமாவாசை, பூரணையை ஒட்டிய நாள்களில். அப்போதுதான் கடல் கூட ஏறி, கூட வற்றும். எங்கள் கடலில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் கல் தட்டையாகக் கிடப்பதால் கொஞ்சம் வற்றினாலே ஏராளமான குழிகள் தெரியும். இன்றைய வத்து நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். தண்ணீர் முழுக்க வற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே வந்துவிடுங்கள். ஏறத் தொடங்கினால் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். வாடைக் காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, அந்தக் கல்லில் இறங்கவே வேண்டாம்.

நான் விலங்கியல் படிக்கவில்லை. உதவ முடியுமா?

தாராளமாக. கயிற்றால் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் இருப்பவற்றை எண்ணிக் கொப்பியில் எழுதுவதுதான் வேலை. மாதாமாதம் அதே இடத்தில் எழுதினால்தான் எது குறைகிறது, எது கூடுகிறது என்று தெரியும். முதலில் நிழல் விழாமல் குழியருகே குந்தியிருங்கள். ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் ஓர் ஊரி, அதாவது நத்தை ஓடு, நடக்கத் தொடங்கும். அது ஊரியல்ல, அதற்குள் குடியிருக்கும் துறவி நண்டு. பிறகு விரலளவு மீனொன்று ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவும். அந்தக் கணத்துக்காகவே பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் என்பேன்.

கல்லைப் புரட்டிப் பார்க்கலாமா, அக்கா?

சின்னக் கல்லை மட்டும், மெதுவாக, கீழே எதுவும் நசியாமல். பார்த்ததும் முன்பு கிடந்தபடியே வைத்துவிடுங்கள். நான் மன்றாடிக் கேட்பது இது ஒன்றைத்தான். கல்லின் அடியில் முட்டைகள், கடற்பஞ்சு, நெளியும் கைகளுள்ள பாம்பு நட்சத்திரம் எல்லாம் வெயில் படாமல் இருக்கும். புரட்டியபடி விட்டால் அவை காய்ந்து சாகும். மேலே இருந்த பாசியும் வெளிச்சமின்றி அழியும். ஒரே கல்லில் இரண்டு பக்கமும் போய்விடும்.

என் மகளுக்கு ஊரி பொறுக்க ஆசை. எடுத்துவரலாமா?

வேண்டாம், தங்கச்சி. துறவி நண்டு வளர வளர அதற்குப் பெரிய வீடு தேவை. வெறும் ஊரி கிடைக்காவிட்டால் போத்தல் மூடிக்குள்ளும் புகுந்துவிடும். முருகைக்கல் (பவளப்பாறை) எடுப்பது சட்டப்படியும் குற்றம். கூம்பு வடிவ ஊரி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட விடாதீர்கள். அதற்குள் நச்சு ஊசி வைத்திருக்கும் நத்தை இருக்கலாம். சில இனங்களின் நஞ்சு ஆளைக் கொல்லும், மாற்று மருந்து கிடையாது.

கீரிமலையில் நன்னீர் ஊறுகிறதே, குழிகளில் வித்தியாசம் தெரியுமா?

நல்ல கேள்வி, தம்பி. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடியில் ஓடிக் கடலோரத்தில் வெளிவருகிறது. கீரிமலையில் குளிக்கும் கேணிக்கு வரும் தண்ணீரும் அதுதான். நன்னீர் கசியும் இடத்தில் பச்சைப்பாசி அடர்ந்திருக்கும். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவற்றுக்கு உடலின் உப்பளவைச் சரிசெய்யும் ஆற்றல் குறைவு. அவை விலகியே இருக்கும். எந்த உயிர் எங்கே இல்லை என்பதையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

சிலிப்பரோடு வரலாமா?

வழுக்கும். அடி தடித்த சப்பாத்துப் போடுங்கள். கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் நச்சு முள் குத்தினால் தாங்கக்கூடிய சுடுநீரில் காலை வைத்தபடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுண்டிக்குளத்திலும் கல்லுக்குழி உண்டா?

இல்லை, அது மணலும் நீரேரியும். 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே பறவைகளைத்தான் பார்க்க வேண்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

கீரிமலைக் கரையில் எங்கும் நடக்கலாமா?

போர்க்காலத்தில் மூடிக்கிடந்த கரை அது. எல்லாத் துண்டும் ஒரேயடியாகத் திறக்கவில்லை. வேலியோ பலகையோ கண்டால் தாண்டாதீர்கள். வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் கடற்றொழிலாளரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்தக் குழியில் கணவாய் ஒளிந்திருக்கும் என்பதையும் அவர்களே காட்டித் தருவார்கள்.