இடக்கை சேவாக்கா?

கேள்வி: தேக்கா உணவங்காடி நிலையத்தில் கூடும் நண்பர்கள், இந்தியக் கிரிக்கெட் அணியின் இடக்கைத் தொடக்க ஆட்டக்காரர் யஷஸ்வி ஜெய்ஸ்வாலை 'இடக்கை சேவாக்' என்றே அழைக்கிறார்கள். இந்த ஒப்பீடு பொருந்துமா?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஓரளவுக்குத்தான் பொருந்தும். 2024ல் ராஜ்கோட்டில் இங்கிலாந்துக்கு எதிராக 12 சிக்சர்களுடன் ஆட்டமிழக்காமல் 214 ஓட்டங்கள் குவித்த ஜெய்ஸ்வாலைப் பார்த்தவர்களுக்கு இந்தியாவின் முன்னாள் அதிரடித் தொடக்க ஆட்டக்காரர் வீரேந்தர் சேவாக் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால், சேவாக்கின் தனித்தன்மை வேகம் மட்டுமன்று, அச்சமின்மை. 2003 டிசம்பரில் மெல்பர்னில் 195 ஓட்டங்களில் சிக்சருக்கு முயன்று ஆட்டமிழந்த அவர், சில மாதங்களிலேயே பாகிஸ்தானின் முல்தானில் 295ல் நின்றபோது அந்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைச் சிக்சருக்குத் தூக்கி முச்சதத்தை எட்டினார்; அந்தத் துணிச்சலை இன்றுவரை வேறெவரிடமும் நான் கண்டதில்லை. ஜெய்ஸ்வாலின் பலம் வேறு. 2024 நவம்பரில் பெர்த்தில் முதல் இன்னிங்சில் ஓட்டமின்றி வெளியேறியவர், இரண்டாவது இன்னிங்சில் 297 பந்துகளை எதிர்கொண்டு 161 ஓட்டங்கள் எடுத்தார். ஆடுகளத்துக்கேற்பத் தம் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த அந்தப் பக்குவத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன். 104 டெஸ்டுகளில் 8,586 ஓட்டங்கள் எடுத்து ஓய்வுபெற்ற சேவாக்குடன் எண்ணிக்கையில் ஜெய்ஸ்வாலை ஒப்பிடுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.